தண்ணிப்பை

கீழே கறிக்கடையில் கத்திச் சத்தம் நின்றது.

மாடியில், முதுகுக்கு இரண்டு தலையணையைக் கொடுத்துக் கட்டிலில் சாய்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்தினாள். யாராவது வந்து கறி கேட்கிறார்களோ? பேச்சுக் குரல் இல்லை. புருஷன் கத்தி தீட்டுகிறாரோ? அதுவென்றால் சர்சர்ரென்று மாடி வரைக்கும் கேட்கும். டீ குடிக்கிற நேரமும் இல்லை. அப்படியென்றால் அதுதான். அவள் வாயைத் திறந்து, சத்தம் வராமல் மூச்சு விட்டாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தரை வழியாகக் காலுக்கு ஏறி வருகிற சத்தம் அது. என்றைக்காவது காது கொடுத்துக் கேட்டிருப்பாளா? இப்போது அது நின்றால்தான் காதில் விழுகிறது. கடவுளே, இந்த ஒன்றாவது. இந்த ஒரே ஒன்றாவது.

"ச்சே!" என்று கீழிருந்து வந்தது. குழாய் திறந்தது, மூடியது. அப்புறம் கத்தி முன்னைவிட வேகமாக விழ ஆரம்பித்தது, செத்த ஆட்டின் மேல் ஏதோ ஜென்மப் பகை இருப்பது மாதிரி.

இதுவும் உடைந்துவிட்டது. அவள் இடது மார்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். அழுத்தவில்லை. அழுத்துவதற்கெல்லாம் இப்போது அவளுக்குத் தைரியம் கிடையாது.

விஷயம் இதுதான். அவளுடைய இதயத்தின் சுவரில் ஒரு தண்ணிப்பை இருக்கிறது. புழு கட்டிக்கொண்ட பை. கேட்கிற நமக்கே குமட்டுகிறது, சுமக்கிறவளுக்கு எப்படி இருக்கும்! முதலில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. உடம்பு பெருத்துவிட்டது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தாள். நெஞ்சு படபடத்தது. காபியை நிறுத்தினாள். ஒருநாள் கடையில் ஒரு அம்மாவுக்குக் கைமாப் பொட்டலத்தை நீட்டியவள், நீட்டிய கையோடு அப்படியே சரிந்து விழுந்தாள். அந்த அம்மா பொட்டலத்தை விடாமல் வாங்கிக்கொண்டுதான் கூச்சல் போட்டாள் என்று மகள் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது. ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால்.

ஸ்கேன் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, அந்தப் பெண் டாக்டர் திரையைக் காட்டினார். இதய அறுவை டாக்டர் என்றதும் இவள் யாரோ ஆஜானுபாகுவாக வரப்போகிறார் என்று நினைத்திருந்தாள். வந்தவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தார், கைகள் மட்டும் பெரியவை. திரையில் கறுப்பாக ஒரு வட்டம், ஓரத்தில் நூல் ஓட்டினாற்போல ஒரு வெள்ளைக் கோடு. இவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள். பேயறைந்தவர் மாதிரி நின்றார். கறிக்கடைக்காரருக்கு அந்த வட்டத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆட்டு ஈரலைப் புரட்டும்போது அவ்வப்போது கண்ணில் படுகிற சமாச்சாரம், பளபளவென்று, உள்ளே தெளிந்த தண்ணீரோடு. தண்ணிப்பை என்று கறிக்கடைக்காரர்களே வைத்த பேர்தான்.

"வீட்டுல நாய் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இருக்கிறது. கடை வாசலில் நாளெல்லாம் ஒரு வேலையும் செய்யாமல், வருகிறவர் போகிறவரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அதற்கு மேனேஜர் என்று பேர். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "ஆட்டு ஈரல்ல இருக்கற இந்தக் கட்டிய நாய் தின்னா, நாய் வயித்துல புழு வளரும். முட்டை அதோட மலத்துல வெளிய வரும், முடியில ஒட்டிக்கும். தடவின கையோட நாம சாப்பிட்டா நமக்குள்ள போயிடும். முக்காவாசிப் பேருக்கு ஈரல்ல தங்கும். இதயத்துல வந்து உக்கார்றது ரொம்ப அபூர்வம்." வாழ்க்கையில் ஒரு குலுக்கல் பரிசுகூட விழாதவளுக்கு இது விழுந்திருக்கிறது!

தண்ணிப்பை இருக்கிற ஈரலை அவர் ஒருநாளும் விற்றதில்லை. கடை அப்படிப்பட்ட கடை. குப்பையில்தான் போடுவார். "ஏன் வீணாக்கறீங்க, அதுவும் வாயும் வயிறும் உள்ள ஜீவன்தானே" என்று எடுத்து மேனேஜருக்குப் போட்டவள் இவள். போட்டதோடு நிற்காமல் தலையைத் தடவி, காதைச் சொறிந்து, கொஞ்சி. அதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். சண்டை போட்டிருந்தால் கொஞ்சம் அழுதாவது இருக்கலாம்.

அவருக்கும் மகளுக்கும் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக இவள் டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மேனேஜருக்கு மாத்திரை கொடுத்து, சங்கிலி போட்டுப் பின்வாசலில் கட்டியாயிற்று. இவளுக்கும் மாத்திரை. இன்னும் சில வாரம் அதைச் சாப்பிட்டுவிட்டு, பிறகு ஆபரேஷன். அதுவரை கனம் தூக்கக்கூடாது, விழக்கூடாது, நெஞ்சில் அடி படக்கூடாது.

"உடைஞ்சா என்னம்மா ஆகும்?" என்று இவள் கேட்டதற்கு, "உடைய விடக்கூடாது" என்றார் டாக்டர். அது பதிலா? மகள் போனில் தேடிப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதால் வெளியே கேட்காது என்று அந்த அறிவாளிக்கு நினைப்பு. அதுதான் பதில் என்று இவள் புரிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து வீடே நுனிக்காலில் நடக்கிறது. தும்மல் வந்தால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள், பிடித்தால் இன்னும் மோசமோ என்று விட்டுவிடுகிறாள், தும்மி முடித்ததும் உயிரோடு இருக்கிறோமா என்று கையைக் கிள்ளிப் பார்க்கிறாள். மல்லாந்து படுத்தால் அது கீழே அமுங்குமோ, ஒருக்களித்தால் விலா எலும்பு குத்துமோ! மகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது கட்டிக்கொள்ள வந்து, பாதியில் நின்று, தோளை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்கார்ந்து தன் மருமகளைப் பற்றிச் சொல்லிவிட்டு, "எனக்கு நெஞ்சே வெடிச்சுடும் போல இருக்கு" என்று புலம்பினாள். இவள் மரியாதைக்கு உச்சுக் கொட்டிவிட்டு, அவள் போனதும் சிரித்தாள். சிரிப்பு குலுங்கியதும் பயந்துபோய் நிறுத்திக்கொண்டாள். சிரிக்கக்கூடப் பயம் என்றால் அது என்ன பிழைப்பு? கணவர் கட்டிலின் அந்த ஓரத்தில், விழாத குறையாகப் படுக்கிறார். புரளும்போது முழங்கை பட்டுவிடும் என்று பயம். சொல்லவில்லை. அவர் என்றைக்கு எதைச் சொன்னார்? கல்யாணமான புதிதில் இவள் அவருக்கு வைத்த பேரே ஊமைக்கோட்டான்.

அந்த ஊமைக்கோட்டான் கடையின் பின்னறையில் என்ன செய்கிறது என்று இவள் தற்செயலாகத்தான் பார்த்தாள். தண்ணீர் வரவில்லை, மோட்டாரைப் போடச் சொல்லலாம் என்று ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. மேசை விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்க, அவர் ஒரு ஈரலின் மேல் குனிந்திருந்தார். ஈரலில் பாதி புதைந்து பாதி வெளியே ஒரு தண்ணிப்பை, எலுமிச்சை அளவுக்கு. இரண்டு கட்டைவிரலாலும் சுற்றியுள்ள சதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். முழு ஆட்டை மூச்சு வாங்காமல் தோளில் தூக்கிக் கொக்கியில் மாட்டுகிற மனுஷன். அந்த விரல்கள் அத்தனை மெதுவாக அசைந்து இவள் பார்த்ததே இல்லை, மகள் பிறந்தபோது தூக்கிய அன்றைக்குத் தவிர. முக்கால்வாசி வந்துவிட்டது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பொத்தென்று உடைந்து, தண்ணீர் ஏப்ரன் முழுக்கத் தெறித்தது. உள்ளேயிருந்த வெள்ளைத் தோல் கசங்கி, பால் ஆடை மாதிரி மேசையில் ஒட்டிக்கொண்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஏப்ரனின் உலர்ந்த ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மோட்டாரும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்று சத்தமில்லாமல் திரும்பி ஏறிவிட்டாள். அவர் முழுதாக எடுக்கப் பார்க்கிறார். ஒன்றை, ஒரே ஒன்றை, உடையாமல் எடுத்துவிட முடியுமா என்று பார்க்கிறார். அவர் கையால் முடிந்தால் டாக்டர் கையாலும் முடியும். அவ்வளவுதான் அவர் கணக்கு. மற்ற கடைக்காரர்களிடமும் சொல்லி வைத்துத் தண்ணிப்பை இருக்கிற ஈரலை வாங்கி வருகிறார் என்பது பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து இவளும் மாடியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். வேண்டாம் என்று அதட்டியிருக்கலாம். ஆனால் இவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது.

இன்று பட்டாணி உரித்து முடிவதற்குள் அவர் மாடிக்கு வந்தார். கடையைச் சாத்துகிற நேரம்கூட இல்லை. வந்து கட்டிலுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆபரேஷன் வேணாம்."

"என்னது?"

"வேணாம். மாத்திரையே சாப்பிடலாம். ஆயுசுக்கும் சாப்பிடலாம்."

"அதுல போகாதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல? விட்டா ஒருநாள் தானா உடையும்னு சொன்னாங்கல்ல?"

"ஒண்ணுகூட முழுசா வரலம்மா." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "ஈரல் ஈரலா எத்தனையோ தரம் பார்த்துட்டேன். தொட்டா உடையுது. தொடாமலே உடையுது. எத்தன வருஷமா இதே கை. எனக்கே வரல. அந்தப் பொண்ணு எப்படி எடுக்கும்?"

இவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "அவங்க டாக்டருங்க. படிச்சுட்டு வந்திருக்காங்க. நீங்க கறி வெட்டறவரு."

"தோலு ஒண்ணுதானே?" என்றார் அவர்.

அந்தக் கேள்வி கையோடு காலையும் கட்டிப்போட்டுவிட்டது. ஆமாம், தோல் ஒன்றுதான். ஆட்டுக்குள் இருந்தாலும் இவளுக்குள் இருந்தாலும் அதே பால் ஆடை. அவர் எழுந்து கீழே போனார். சத்தம் கேட்கவில்லை. வெட்டவும் இல்லை. இவள் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தாள். அவசரமா என்று கேட்ட நர்ஸிடம், ஆமாம் அவசரம், உயிர் போகிற அவசரம் என்றாள். அது பொய்யும் இல்லை.

டாக்டர் பேசினார். இவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள். "அத முழுசா எப்படிம்மா வெளிய எடுப்பீங்க? உடைஞ்சுடாதா?"

"யாரு முழுசா எடுக்கறது?" என்றார் டாக்டர். "அப்படி இழுத்தா உடையத்தானே செய்யும்?"

இவள் போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். டாக்டர் சொன்னார். சுற்றிலும் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அடுக்கிவிடுவார்கள், ஒரு சொட்டு சிந்தினாலும் துணியில்தான் சிந்தும். பிறகு ஊசியைக் குத்திப் பைக்குள் இருக்கிற தண்ணீரை உறிஞ்சுவார்கள். பை தளர்ந்துவிடும். அதற்குள் கெட்டியான உப்புத் தண்ணீரை விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள், உயிரோடு இருக்கிறதெல்லாம் சாகட்டும் என்று. அப்புறம்தான் திறந்து தோலை உருவுவார்கள். இவ்வளவுதானா! இதை அன்றைக்கே வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா அந்த மனுஷன்? வெட்டி எடுப்பதே பிழைப்பாக இருக்கிறவருக்கு வேறு வழி இருக்கும் என்று தோன்றவே இல்லை. இவளுக்கும்தான் தோன்றவில்லை.

"பயப்படாதீங்க. அந்த நேரத்துல இதயம் அசையாது. நிறுத்தி வச்சுட்டுத்தான் செய்வோம்" என்றார் டாக்டர், ஆறுதலாக.

"எதைம்மா நிறுத்துவீங்க?"

"இதயத்தத்தான். ரத்தத்த மெஷின் ஓட்டும். முடிஞ்சதும் திரும்ப ஓட விட்டுடுவோம். பெரும்பாலும் தானாவே துடிக்க ஆரம்பிச்சுடும்."

இவள் நன்றி சொன்னாள். போனை வைத்தாள். பெரும்பாலும். ஒரு சொல்லுக்கு இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பிறகு, முதல் பாதியை அவரிடம் சொல்வது, இரண்டாம் பாதியை விழுங்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். ஒன்றே போதாதா அவருக்கு!

மத்தியானம் கடையின் ஷட்டர் இறக்கியிருந்தது. அவர் பின்னறையில் சும்மா உட்கார்ந்திருந்தார். மேசையில் தண்ணிப்பையோடு ஒரு ஈரல் மூடிக் கிடந்தது. இவள் உப்பு டப்பாவும் துணியும் ஒரு கிண்ணமும், மேனேஜருக்கு மாத்திரையைக் கரைத்து ஊட்ட வாங்கியதில் மிஞ்சிய, ஊசியோடு பிரிக்காமல் கிடந்த சிரிஞ்சும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். சொன்னாள். அவர் நம்பாமல் கேட்டார். இரண்டாம் தடவை சொன்னபோது எழுந்து நின்று கேட்டார்.

"உறிஞ்சிட்டா?"

"உறிஞ்சிட்டு."

"அட!" என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பியது.

கையுறையை மாட்டிக்கொண்டு ஈரலைத் திறந்தார்கள். அவர் ஊசியைப் பிடித்தார். குத்தாமல் இவளைத் திரும்பிப் பார்த்தார். "நீ எதுக்கு இங்க? மேல போ. தெறிச்சுடப்போவுது."

"எனக்குத் தெறிக்கறதுக்கு இன்னும் என்ன இருக்கு? குடுங்க இப்படி."

இவள் குத்தினாள். அவர் நனைத்த துணியைச் சுற்றி அடுக்கினார். ஊசிக்குள் தண்ணீர் ஏறியது, ஊற்றுத் தண்ணீர் மாதிரி அவ்வளவு தெளிவாக. இதுவா? இவ்வளவு சுத்தமாக இருக்கிற இதுவா என்னைக் கொல்லப் பார்க்கிறது என்று இவளுக்கு வியப்பாகக்கூட இருந்தது. விம்மி நின்ற பை மெல்ல மெல்லத் தளர்ந்து சுருங்கியது. உடையவில்லை. உப்புத் தண்ணீரை விட்டார்கள், காத்திருந்தார்கள். அவர் உதட்டை அசைத்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தி நுனியால் ஒரே ஒரு கீறல். வெள்ளைத் தோல் முழுதாக, கிழியாமல், வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் வந்து விழுந்தது. துணியில் ஒரு சொட்டு இல்லை.

அவர் சிரித்தார். இவ்வளவு நாளுக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார். கிண்ணத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "வந்துடுச்சு பாத்தியா! அந்தப் பொண்ணு கெட்டிக்காரிதான். நான்தான் மடையன்" என்று அவர் பேசிக்கொண்டே போனார், ஊமைக்கோட்டானுக்கு அன்றைக்கு வாய் முளைத்துவிட்டது. இவளும் சிரித்தாள். சிரித்தபடியே படிப்பக்கம் நகர்ந்தாள், அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் மாடிக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும் என்று.

அவர் பேச்சை நிறுத்தினார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். மேசைமேல் ஆடாமல் அசையாமல் கிடந்த ஈரலைப் பார்த்தார்.

"ஏம்மா. இது சும்மா கெடக்கு. உன்னது அடிச்சுக்கிட்டே இருக்குமே? ஆடற எடத்துல எப்படி ஊசியைக் குத்துவாங்க?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கத்தான் வாயைத் திறந்தாள். மருந்து கொடுப்பார்கள், மெதுவாக்குவார்கள் என்று என்னவோ ஒன்று. அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் வரவில்லை.

"நிறுத்திடுவாங்க."

"எத?"

அவரே புரிந்துகொள்வதை நின்று பார்த்தாள். அவர் கையுறையைக் கழற்றிப் போட்டார். குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினார், மறுபடியும் போட்டு முழங்கை வரை கழுவினார், துடைத்துக்கொண்டு வந்து இவள் எதிரே நின்றார். ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து இவளை அவர் தொட்டதே இல்லை.

"வைக்கட்டுமா?"

"வைங்க."

ஈரம் காயாத கையை மார்பின் மேல் வைத்தார். பாரமே தெரியவில்லை. தையலுக்குத் துணி விரிக்கிற மாதிரி வைத்திருந்தார். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, "கடை இருக்குங்களா?" என்றார்கள். இரண்டு பேரும் அசையவில்லை. அவர் கைக்கடியில் அது துடித்தது. துடித்தது. துடித்தது. அடுத்தது வர வேண்டிய இடத்தில் வரவில்லை. கொஞ்ச நாளாக இப்படித்தான் நடுவில் ஒன்று நின்று நின்று வருகிறது, இவளுக்குப் பழகிப்போயிற்று. அவருக்கு இதுதான் முதல் தடவை. அவர் கண் விரிந்தது, மூச்சு நின்றது, கையை வெடுக்கென்று இழுக்கப் போனார். இவள் அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"இருங்க," என்றாள். "வரும்."